காட்சி முப்பத்தொன்று

சாசேஜ் செய்தது நான்தான்.
சுண்ணாம்புச் சாந்து, பழைய காலுறை, செங்கல்பொடி,
மேலே ஒரு கை வார்னிஷ்.
நாற்பது உருப்படி.
கொக்கியில் தொங்கவிட்டபோது எனக்கே வாயூறியது.
வார்னிஷுக்கு ஒப்புதல் வர ஏழு வாரம்.
செங்கல்பொடி ஒரே இரவில் கிடைத்தது,
எங்கிருந்து என்று கேட்காதீர்கள்.
அந்தப் பள்ளிக்கூடச் சுவர் இன்னும் நிற்கிறது,
சற்றே சாய்ந்து.

ராடோம் நகரம். எழுபத்தொன்பது, பிப்ரவரி.
பூட்டிக்கிடந்த கடைக்கு 'இறைச்சி' என்று பலகை மாட்டி
துணைநடிகர் இருபது பேரை நிறுத்தினார்
எங்கள் இயக்குநர் செவெரின்.
"நம்பிக்கை இழந்த முகத்தோடு நில்லுங்கள்" என்றார்.
ஒத்திகை தேவைப்படவில்லை.

ஃபிலிம் கொண்டுவரும் வண்டி
பெட்ரோல் வரிசையில் மாட்டிக்கொண்டது.
நாங்களும் காத்திருந்தோம்.

ஒன்பது மணிக்கு இருபது பேர்.
ஒன்பதேகாலுக்கு முப்பத்தாறு.
பத்து அடிக்கும்போது வால்
மருந்துக்கடை முனை திரும்பி
தேவாலயப் படியைத் தொட்டது.
பூசை முடிந்து வந்தவர்கள்
தீர்த்தம் காயாத விரலோடு
அப்படியே சேர்ந்துகொண்டார்கள்.
என்ன தருகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.
தருகிறார்கள், அது போதாதா?

ஓய்வுபெற்ற டிராம் நடத்துநர் லியோகாதியா
கைப்பையிலிருந்து கோடுபோட்ட நோட்டை எடுத்தாள்.
எண் கொடுத்தாள். இரண்டு எண்ணை ரத்து செய்தாள்.
போரில் காயம்பட்டோருக்குத் தனி வழி விட்டாள்.
அரை மணியில் ஒரே ஊன்றுகோல்
ஐந்து பேரைத் தாங்கி முன்னால் வந்தது.

செவெரின் ஒலிபெருக்கியைப் பிடித்தார்:
"தோழர்களே! இது சினிமா! உள்ளே இறைச்சி இல்லை!"
"எந்தக் கடையில்தான் இருக்கிறது என்று சொன்னார்கள்?"
என்றாள் லியோகாதியா, தலை நிமிராமல்.
"கூச்சல் போடாதே. உனக்கு இருநூற்றுப் பதினொன்று."
சீட்டை வாங்கி
சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்குப் பின்வாசலில் தட்டல்.
கட்சிச் செயலாளரின் ஓட்டுநர்.
"ஆறு கிலோ. முன்னால் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டாம்."
நான் என்ன செய்ய?
செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.
மறுநாள் அவரே வந்து நன்றி சொன்னார்:
"கொஞ்சம் கடினம்.
ஆனால் போன மாதத்ததற்கு இது தேவலை."

கசாப்புக் கத்திக்கு வேலையில்லாத நாட்டில்
கத்தரிக்கோலுக்கு மட்டும் ஓய்வே கிடையாது.
வார்சாவில் படத்தைப் பார்த்த தணிக்கையாளர் ஓல்ஷா
நல்ல ரசிகர். நான்கு இடத்தில் கண்ணீர் வரச் சிரித்தார்;
கண்ணைத் துடைத்துக்கொண்டு
நான்கையும் குறித்துக்கொண்டார்.
அந்த நான்கும் போயின.
காட்சி முப்பத்தொன்றுக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினார்:
"முன்னால் நிற்கும் இருபது பேர் இயல்பு.
பின்னால் நிற்பவர்கள் மிகையாக நடிக்கிறார்கள்.
நீக்கவும்."

ஆனால் அது ஆறு மாதம் கழித்து.
அன்றைக்கு என்ன நடந்தது என்றால்:
வண்டி வந்தது, எடுத்தோம், வெளிச்சம் போனது.
பலகையைக் கழற்றினேன்.
சாசேஜைக் கூடையில் அடுக்கும்போது
வாலறுந்த பூனையொன்று வந்து முகர்ந்து பார்த்து
என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது.
அந்த ஊரில் ஏமாறாதது அது ஒன்றுதான்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது.
அறுபது பேர் அசையவில்லை.
லியோகாதியா டார்ச் அடித்து எண் வாசித்தாள்.
இருநூற்று ஒன்பது. இருக்கிறேன்.
இருநூற்றுப் பத்து. மனைவி நிற்கிறாள்.
இருநூற்றுப் பதினொன்று.

செவெரின் அப்போதே ஹோட்டலுக்குப் போயிருந்தார்.

இருநூற்றுப் பதினொன்று, கடைசித் தடவை!

அந்த உறைக்குள் என்ன இருக்கிறது என்று
என்னைவிட யாருக்குத் தெரியும்?
சாந்து பிசைந்த கை இது.
அந்தக் கையைத்தான் தூக்கினேன்.
இருந்தாலும், என்று தோன்றியது.
இருந்தாலும்.